மோரோன் வழியாக ஹோவ்ஸ்கோல், சகான்நூர்: எதை முதலில் செய்வது, எதை எங்கே முடிப்பது

மொங்கோலியாவின் வடக்கே ஹோவ்ஸ்கோல் ஏரிக்குப் போகிறவர்களும் சரி, அதற்கும் அப்பால் தர்ஹத் சமவெளியில் ரெயின்டீர் மான் வளர்க்கும் துகா மக்களைப் பார்க்க சகான்நூருக்குப் போகிறவர்களும் சரி, மோரோனில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஹோவ்ஸ்கோல் மாகாணத்தின் தலைநகர் அது. பலர் அதை ஏரிக்கு வண்டி மாறும் இடமாக மட்டும் நினைத்து, காலையில் இறங்கி மதியமே கிளம்பப் பார்க்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

எல்லை அனுமதி, ரொக்கப் பணம், வண்டி, எரிபொருள், மளிகைச் சாமான் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற கடைசி ஊர் மோரோன். மாகாணத்தின் பெரிய மருத்துவமனையும் இங்கேதான். அதனால் ஒரு முழு வேலைநாளை, அதாவது திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை, இந்த ஊருக்கென்றே ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் போகிறது.

1. ஏரியா, சகான்நூரா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்

மோரோனிலிருந்து இரண்டு வேறு பயணங்கள் கிளம்புகின்றன. ஏரியின் தென்முனையில் உள்ள ஹத்கல் சுமார் 100 கி.மீ. தூரம்தான், முழுக்கத் தார்ச்சாலை, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லை அனுமதி தேவையில்லை. சாதாரண காரே போதும்.

சகான்நூர் வேறு கதை. வடமேற்கே 250 கி.மீ.க்கு மேல், பெரும்பகுதி மண் தடம். நல்ல வெயில் காலத்திலேயே ஒரு முழுப் பகல் ஆகும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், எல்லை அனுமதி வேண்டும். அங்கிருந்து மான் வளர்ப்பவர்களின் முகாமுக்குக் குதிரைதான். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்கப் பார்ப்பவர்கள் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஏரி மட்டும் போதும் என்பது என் கருத்து.

இன்னொன்று. மொங்கோலியாவில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. கிழக்கே கென்டீ மாகாணத்தில் ஒரு மோரோன் இருக்கிறது. தெற்கே தோர்னோகோவியில் ஹோவ்ஸ்கோல் என்றே ஒரு சும், அதாவது வட்டம், இருக்கிறது. மேற்குக் கோடியில் பயன்-ஓல்கீ மாகாணத்தில் இன்னொரு சகான்நூர். டிக்கெட் எடுக்கும்போதும் வரைபடத்தில் தேடும்போதும் மாகாணத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

2. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மோரோனில் உங்கள் வேலைநாள் எது என்று முதலில் குறியுங்கள். அதற்கு முந்தைய நாள் அங்கே போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். வெள்ளி இரவு போய் இறங்கினால் அரசு அலுவலக வேலை எதுவும் திங்கள் வரை நடக்காது. நாட்டின் தலைநகரான உலான்பாத்தரில் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

ஜூலை 11 முதல் 13 வரை நாடம் திருவிழா. அதையொட்டிய நாட்களில் பஸ், விமானம் இரண்டிலும் இடம் கிடைப்பது கடினம், அலுவலகங்களும் மூடியிருக்கும். குளிர்காலக் கடைசியில் வரும் சகான் சார் புத்தாண்டுக்கும் இதே கதைதான். நாடம் பார்க்கவே போகிறீர்கள் என்றால் நல்லது, மாகாண நாடத்தில் மல்யுத்தத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அனுமதி, வண்டி வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஏரியின் பனிக்கட்டி ஜூன் தொடக்கம் வரைகூட முழுதாக உருகாமல் கிடக்கும். மே மாதக் கடைசியில் நீல நீரைப் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் வெள்ளைப் பரப்பைத்தான் பார்ப்பார்கள். மழை அதிகம் பெய்வது ஜூலை, ஆகஸ்டில். ஏரிக்கு அது பெரிய தடையல்ல. சகான்நூர் தடத்துக்குப் பெரிய தடை, சேறு வண்டியை விழுங்கும். செப்டம்பர் முதல் பாதி தடத்துக்கு நல்லது, இரவில் உறைபனி விழும். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி என்பது சாதாரணம். மார்ச் தொடக்கத்தில் ஹத்கலில் பனி விழா நடக்கும். அதற்குப் போகிறவர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

3. உலான்பாத்தரிலேயே முடிக்க வேண்டியவை

எல்லை அனுமதிக்கு வழி இருந்தால் இங்கேயே விண்ணப்பித்துவிடுங்கள். உலான்பாத்தரில் பயண ஏற்பாட்டாளர் மூலம் போகிறவர்கள் அவர்களிடமே கேட்டு வாங்கச் சொல்லலாம். கையில் சீட்டோடு மோரோனில் இறங்கினால் பாதிச் சுமை குறையும்.

சிம் கார்டை இங்கேயே வாங்கி, பாஸ்போர்ட்டோடு பதிந்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொபிகாம், யூனிடெல் இரண்டும் மோரோனிலும் ஹத்கலிலும் எடுக்கும். சும் ஊர்களுக்கு நடுவே எதுவும் எடுக்காது. அதனால் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி போனில் இறக்கி வைக்க வேண்டும். மோரோன் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், விடுதியின் மெதுவான வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டி வரும்.

முகாமில் சமைக்கப் போகிறவர்கள் அடுப்புக்கான கேஸ் சிலிண்டரையும் இங்கே வாங்க வேண்டும். விமானத்தில் அதை ஏற்ற விட மாட்டார்கள். சிலிண்டர் வேண்டுமென்றால் பஸ்தான். உங்கள் பயண முறையைத் தீர்மானிக்கும் அளவுக்கு இது முக்கியம் என்பது பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது.

உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வட மொங்கோலியக் காடுகளில் உண்டு. வசந்தம் முதல் கோடைத் தொடக்கம் வரை காட்டில் நடக்கப் போகிறீர்கள் என்றால் தடுப்பூசி பற்றி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். ஒரே ஊசியில் முடிகிற விஷயம் இல்லை, இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

4. மோரோனுக்குப் போவது

விமானத்தில் ஒன்றரை மணி நேரம். உலான்பாத்தரின் சிங்கிஸ் கான் விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது, 2021 முதல் அதுதான் இயங்குகிறது. நகரத்துக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக் கிளம்பினால் காலை நேர நெரிசலில் விமானம் போய்விடும். உள்நாட்டு விமானங்களில் பெட்டியின் எடை வரம்பு குறைவு. டிக்கெட்டில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பஸ்ஸில் 12 முதல் 15 மணி நேரம் வரை ஆகும். புல்கன் வழியாக முழுக்கத் தார்ச்சாலை. டிக்கெட் எடுக்க பாஸ்போர்ட் வேண்டும். எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் பார்த்து, அதை டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். உலான்பாத்தரில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என வெளியூர் பஸ் நிலையங்கள் வேறுவேறு. வழியில் குவான்ஸ் எனப்படும் சாப்பாட்டுக் கடைகளில் நிறுத்துவார்கள். எப்போது கிளம்புவார்கள் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். ஓட்டுநர் எந்த மேசையில் உட்கார்கிறாரோ, அவரைக் கண்பார்வையில் வைத்துச் சாப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால் போகும்போது பஸ், திரும்பும்போது விமானம். போகும்போதுதான் சாமான் அதிகம்.

5. வேலைநாளின் வரிசை

காலை அலுவலகம் திறந்ததும் அனுமதி. அடுத்து வங்கி. அடுத்து வண்டி பேசுவது. பிற்பகலில் சந்தை. கடைசியாக எரிபொருள்.

அனுமதியில்தான் தாமதம் வரும், அதனால் அது முதலில். வண்டி பேசும்போது முன்பணம் கேட்பார்கள், அதனால் வங்கி அதற்கு முன். எத்தனை பேர், எத்தனை நாள் என்பது வண்டி உறுதியான பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு மளிகை வாங்கினால்தான் அளவு சரியாக வரும். புதிதாக வருகிறவர்கள் செய்வது தலைகீழ்: முதலில் சந்தைக்குப் போய் மூட்டை மூட்டையாக வாங்கிவிட்டு, மதிய இடைவேளையில் அனுமதி அலுவலகத்தின் பூட்டிய கதவைத் தட்டுவார்கள்.

வங்கிகள் ஊரின் நடுவே சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் உள்ளன. கான் பேங்க் உட்பட பல வங்கிகளின் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். ஒரு ஏடிஎம் மறுத்தால் பதற வேண்டாம், அடுத்த வங்கிக்குப் போங்கள். முழுப் பயணத்துக்கான துக்ரிக்கையும், அதாவது மொங்கோலியப் பணத்தையும், இங்கேயே எடுத்துவிடுங்கள், சிறிய நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். சகான்நூரில் குதிரைக்காரருக்கு அட்டை நீட்ட முடியாது. மொங்கோலியர்கள் போனிலேயே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிக்கொள்கிறார்கள். உங்களிடம் உள்ளூர்க் கணக்கு இல்லை என்பதை மறக்காதீர்கள்.

6. எல்லை அனுமதி

ரஷ்ய எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு இது கட்டாயம். சகான்நூருக்கும், ஏரியின் வடமுனையில் உள்ள ஹாங்குக்கும் வேண்டும். ஹத்கலுக்கும் அதை ஒட்டிய மேற்குக் கரை முகாம்களுக்கும் வேண்டாம்.

அனுமதி தருவது எல்லைக் காவல் படை. கையில் இருக்க வேண்டியவை: குழுவில் எல்லோருடைய பாஸ்போர்ட் நகல், விசா அல்லது நுழைவு முத்திரை உள்ள பக்கத்தின் நகல், போகிற தேதி, திரும்புகிற தேதி, வழியில் தொடப்போகும் சும்களின் பெயர்கள், முடிந்தால் ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும். நகல்களை முந்தைய நாளே எடுத்து வையுங்கள். மொங்கோலிய மொழி பேசும் ஒருவர் கூட வர வேண்டும். வழிகாட்டி, ஓட்டுநர், விடுதிக்காரர் யாராக இருந்தாலும் சரி. தனியாகப் போய்ச் சைகையில் பேசிச் சீட்டு வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

இதில் நடக்கும் பிழைகள் எல்லாம் சீட்டில் எழுதுகிற விவரத்தில்தான். முதலாவது, ஊர்ப் பெயர் விடுபடுவது. சகான்நூர் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ரெஞ்சின்ல்ஹும்பே பக்கம் சுற்றி வரலாம் என்று தோன்றினால் சீட்டு பேசாது. போகக்கூடும் என்று நினைக்கிற எல்லா சும்களையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, தேதி. மழையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் சீட்டின் காலம் முடிந்துவிடும். திரும்பும் தேதியில் இரண்டு மூன்று நாள் கூட்டிப் போடுங்கள், அதற்குக் கூடுதலாக ஒன்றும் செலவில்லை. மூன்றாவது, குழுவுக்கு ஒரே சீட்டு எழுதி வாங்கிவிட்டு, பாதி வழியில் இரண்டாகப் பிரிவது. சீட்டு ஒருவர் கையில் இருக்கும், மற்றவர் வெறுங்கையோடு நிற்பார். பிரியும் எண்ணம் இருந்தால் தனித்தனியாக வாங்குங்கள்.

வாங்கியதும் போனில் படம் எடுங்கள். அசலையும் பாஸ்போர்ட்டையும் ஒரே உறையில், வண்டியின் கூரை மூட்டையில் அல்ல, உடம்போடு வையுங்கள். சகான்நூர் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள எல்லைக் காவல் முகாமில் பதிந்துகொள்ள வேண்டும். களைப்பாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். காலையில் குதிரைக்காரர் அவசரப்படுத்துவார்.

7. வண்டி பேசுவது

சகான்நூருக்கு இரண்டு வழி. ஒன்று, ஆள் சேர்ந்ததும் கிளம்பும் பகிர்வு வண்டி. மற்றொன்று, தனியாக வாடகைக்குப் பிடிப்பது. பெரும்பாலும் ஃபுர்கோன் என்று சொல்லும் ரஷ்ய உவாஸ் வேன் கிடைக்கும். லேண்ட் குரூசரும் உண்டு. ஃபுர்கோன் குலுக்கும், ஆனால் நடு வழியில் எது உடைந்தாலும் ஓட்டுநரே கழற்றி மாட்டிவிடுவார். இந்தத் தடத்துக்கு அது பெரிய தகுதி.

பேச்சை இப்படி நடத்துங்கள். ஒரு தாளில் புறப்படும் தேதி, போகும் ஊர்கள், திரும்பும் தேதி, மொத்த ஆட்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே நாள் வாடகை. அதன் கீழே 'பெட்ரோல்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. ஓட்டுநர் போனில் கால்குலேட்டரைத் திறந்து எண்ணைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். அந்த எண் எதற்கானது என்று தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாள் வாடகையில் பெட்ரோல் அடக்கமா இல்லையா என்ற ஒரே கேள்வியில்தான் முக்கால்வாசிச் சண்டைகள் பிறக்கின்றன. பெரும்பாலும் பெட்ரோல் தனி.

தனியென்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மோசமான தடத்தில் ஃபுர்கோன் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் வரை குடிக்கும். போக வர 550 கி.மீ. என்று வைத்தால் 110 லிட்டர். சுற்று வழி, சேற்றில் உறுமியது எல்லாம் சேர்த்து 130 லிட்டருக்குப் பணம் ஒதுக்குங்கள். தாளில் இன்னும் மூன்று விஷயம் ஏற வேண்டும். நீங்கள் குதிரையில் போயிருக்கும் நாட்களில் ஓட்டுநர் சகான்நூரில் காத்திருப்பதற்கு வாடகை உண்டா, அரைக் கூலியா, அல்லது திரும்பிப் போய் மறுபடி வருவாரா? அவருடைய சாப்பாடு, தங்கல் யார் பொறுப்பு? வழியில் ஆள் ஏற்றுவாரா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், காலையில் வண்டிக்குள் அவருடைய சித்தியும் நான்கு மாவு மூட்டையும் உட்கார்ந்திருக்கும். அதில் தவறில்லை, அந்தப் பக்கம் எல்லோரும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். முன்னமே பேசியிருந்தால் வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். பெட்ரோலை மட்டும் முன்னதாக, அதுவும் கூடவே பெட்ரோல் பங்குக்குப் போய் நீங்களே கட்டுங்கள். கூடுதல் கேன்களிலும் அப்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் உலான்-ஊல் போன்ற சும் ஊர்களில் பங்கு இருந்தாலும், நீங்கள் போகும் நேரத்தில் பெட்ரோலும் இருக்கும், ஆளும் இருப்பார் என்று நம்பிப் போகக் கூடாது.

ஹத்கலுக்கு மட்டும் போகிறவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. சந்தைப் பக்கம் நிற்கும் பகிர்வு கார்களின் முன் கண்ணாடியில் ஊர்ப் பெயர் அட்டை இருக்கும். சிரில்லிக் எழுத்தில் ஹத்கல் என்பதை யாரையாவது எழுதித் தரச் சொல்லிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போதே கிளம்பும்' என்றால் இடம் நிரம்பியதும் கிளம்பும் என்று பொருள். அவசரம் என்றால் காலியாக உள்ள இருக்கைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடலாம். தேசியப் பூங்காவின் நுழைவு வாயில் ஹத்கலுக்கு முன்பே வரும்; சில்லறையோடு இருங்கள், ரசீதைத் திரும்பும் வரை வைத்திருங்கள்.

8. சந்தையும் சாப்பாடும்

குவான்ஸ் கடைகளில் சூய்வன் என்ற நூடுல்ஸ், ஹூஷூர் என்ற பொரித்த பணியாரம், பூஸ் என்ற ஆவியில் வெந்த கொழுக்கட்டை எல்லாவற்றிலும் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ இருக்கும். தேநீரில் பாலோடு உப்பு போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மோரோனிலாவது சமாளிக்கலாம், அதற்கு அப்பால் முடியாது. அரிசி, உருளைக்கிழங்கு, கோஸ், கேரட், முட்டை, ரொட்டி எல்லாம் சந்தையில் கிடைக்கும். பருப்பும் மசாலாப் பொடியும் ஊரிலிருந்தே கொண்டுபோவது உத்தமம்.

ஓட்டுநர், வழிகாட்டி, குதிரைக்காரர் மூவருக்கும் சேர்த்து வாங்குங்கள். மான் வளர்ப்பவர்களின் முகாமுக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பும் இங்கேயே: மாவு, அரிசி, எண்ணெய், தேயிலைத்தூள், பேட்டரி. குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பை கொண்டுபோகும் பழக்கத்தை விடுங்கள். அங்கே பல் மருத்துவர் இல்லை.

சாமானைச் சக்கரம் வைத்த பெட்டியில் கட்டாதீர்கள். சகான்நூருக்கு அப்பால் எல்லாம் குதிரை முதுகில் கயிறு போட்டுக் கட்டப்படும். இரண்டு சம எடையுள்ள மெத்தென்ற பைகள்தான் சரி. மிச்சத்தை மோரோன் விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம். குதிரைக் கணக்கிலும் கவனம் வேண்டும். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இரண்டு குதிரை இல்லை. உங்களுக்கு இரண்டு, வழித்துணையாக வருபவருக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று, ஆக நான்குக்குக் கூலி. மொழிபெயர்க்க ஆள் வந்தால் ஐந்து.

9. அனுமதிக்குக் காத்திருக்கும் பிற்பகல்

சீட்டு மாலைதான் கிடைக்கும் என்றால் விடுதியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஊருக்கு மேற்கே 20 கி.மீ.க்குள் ஊஷிகீன் ஓவோர் என்ற இடத்தில் வெண்கலக் கால மான் கற்கள் நிற்கின்றன, மொத்தம் 14. பாயும் மான்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செதுக்கிய நெடுங்கற்கள். அதில் ஒன்றின் உச்சியில் மனித முகமே இருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டாக்சி பேசும்போது போக, காத்திருக்க, வர என மூன்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். அங்கிருந்து திரும்ப வேறு வண்டி கிடைக்காது. செதுக்கல்கள் சாய்ந்த வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். ஜூலையில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் மாலை 6 மணிக்குக் கிளம்பினாலும் போதும்.

10. திரும்பும் டிக்கெட்

கிளம்புவதற்கு முன்பே, மோரோனிலிருந்து உலான்பாத்தருக்கான டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கோடையில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. சகான்நூரிலிருந்து போனில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

ஆனால் திரும்பி வந்து சேரும் நாளுக்கே எடுக்காதீர்கள். நடுவில் இரண்டு இரவு விடுங்கள். ஏரிக்கு மட்டும் போனவர்களுக்கு ஓர் இரவு போதும். மலைக் கணவாயில் மழை பிடித்தாலோ, ஆற்றில் நீர் ஏறினாலோ ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு வடியும் வரை காத்திருப்பார். விமான டிக்கெட்டைக் காட்டி அவரை நெருக்கிப் பயனில்லை, அவர் சொல்வதுதான் சரி. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ் எண் 103, போலீஸ் 102, அவசர மீட்புக்கு 105. சிக்னல் இல்லாத இடத்தில் அடுத்த சும் ஊரின் மருத்துவ நிலையம்தான் முதல் இலக்கு.

சர்வதேச விமானத்துக்கும் மோரோனிலிருந்து உலான்பாத்தர் திரும்பும் நாளுக்கும் இடையே இன்னொரு நாள் விடுங்கள். உள்நாட்டு விமானம் காற்றுக்கும் பனிக்கும் ரத்தாகும். ரத்தானால் அன்றிரவு பஸ்ஸில் ஏறி மறுநாள் காலை உலான்பாத்தரில் இறங்கிவிடலாம்.